மூன்று மைக்ரானில் ஒரு தொழில் வாய்ப்பு

2025 பிப்ரவரி 4 அன்று சீன அரசு ஐந்து உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. டங்ஸ்டன், பிஸ்மத், மாலிப்டினம், டெலூரியம், இன்டியம் என்பவை அந்த ஐந்து. அமெரிக்காவின் கூடுதல் வரிக்குப் பதிலடி என்ற அளவில் ஊடகங்கள் அதைப் பேசி முடித்துவிட்டன. தமிழ்நாடு அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு பெயர்களைக் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும். டெலூரியம் கிடைக்காவிட்டால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் இயங்கும் ஓர் ஆலையால் ஒரு சூரிய மின்பலகையைக்கூடச் செய்ய முடியாது.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவில் கட்டி, 2024 ஜனவரியில் திறந்த ஆலை அது. ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்குப் பலகைகள் செய்யும் திறன் கொண்டது. சுமார் ஆயிரம் பேருக்கு நேரடி வேலை தருகிறது. சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீரைக் கொண்டே இயங்குகிறது. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் இதற்கு 50 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டது. மத்திய அரசும் உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் இந்நிறுவனத்தைச் சேர்த்தது. மென்படலச் சூரிய மின்கலங்கள் என்ற தொழில்நுட்பத்தில் உலகின் மிகப் பெரிய நிறுவனம் இன்று நம் மண்ணில் உற்பத்தி செய்கிறது.

இது பெருமைக்குரிய செய்தி. ஆனால், நிலமும் நீரும் உழைப்பும் தருவதோடு நம் பங்கு முடிந்துவிடக் கூடாது. மென்படலத் தொழிலின் நாற்பதாண்டு வரலாற்றைப் படித்தால், வெற்றியையும் தோல்வியையும் மூன்று விஷயங்கள் தீர்மானித்திருப்பது தெரியும்: மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது, உற்பத்தி அறிவு யாரிடம் இருக்கிறது, முதலீடு செய்தவர் எத்தனை ஆண்டு காத்திருந்தார். இந்த மூன்றிலும் தமிழ்நாடும் இந்தியாவும் இன்னும் வெளியே நிற்கின்றன. உள்ளே நுழைய இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது.

கண்ணாடி மீது ஒரு படலம்

உலகில் விற்பனையாகும் சூரிய மின்பலகைகளில் 95 சதவீதத்துக்கும் மேல் படிகச் சிலிக்கானால் ஆனவை. அதைச் செய்வதற்கான பாதை நீளமானது. குவார்ட்ஸ் கல்லை மின்வில் உலையில் இட்டுச் சிலிக்கானைப் பிரிக்க வேண்டும். அதை வேதிமுறையில் தூய்மைப்படுத்திப் பாலிசிலிக்கானாக மாற்ற வேண்டும். 1,414 டிகிரி செல்சியஸில் உருக்கிப் படிகத் தூணாக வளர்க்க வேண்டும். அந்தத் தூணை வைரத்துகள் பதித்த கம்பியால் மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். பிறகு வில்லையைக் கலமாக்கி, கலங்களை இணைத்துப் பலகையாக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு படிக்கும் தனி ஆலை, தனி முதலீடு. சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தப் படிகள் அனைத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். வில்லைகள் செய்வதில் ஏறக்குறைய முழு உலகமும் சீனாவையே நம்பியிருக்கிறது.

சிலிக்கான் ஒளியை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதனால் வில்லை சுமார் 150 மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டியிருக்கிறது. காட்மியம் டெலூரைடு போன்ற சில குறைக்கடத்திகள் ஒளியை உடனே விழுங்கிக்கொள்பவை. அவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று மைக்ரான் போதும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு மெல்லிய பொருளைத் தனியே அறுத்தெடுக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. ஆவியாக்கி நேரே கண்ணாடி மீது படியவிட்டால் போதும்.

பிள்ளைப்பாக்கத்தில் நடப்பது இதுதான். ஒரு முனையில் வெறும் கண்ணாடித் தகடு உள்ளே போகிறது. சுமார் நான்கு மணி நேரத்தில் மறு முனையில் முழுப் பலகை வெளியே வருகிறது. இடையில் வெப்பமான கண்ணாடி மீது குறைக்கடத்தி படிகிறது. காட்மியம் குளோரைடு கொண்டு சூடாக்கிப் பக்குவப்படுத்துகிறார்கள். அந்தப் பக்குவம் இல்லாவிட்டால் படிகத் துகள்களின் எல்லைகளில் மின்னோட்டம் விரயமாகி, கலத்தின் திறன் சரிந்துவிடும். லேசர் கதிர் படலத்தைக் கோடு கோடாகப் பிரித்துப் பல கலங்களாக்கி, அங்கேயே தொடராக இணைத்தும் விடுகிறது. கடைசியில் மேலே இன்னொரு கண்ணாடி மூடப்படுகிறது. பாலிசிலிக்கான் உலை, படிகத் தூண், அறுவைக் கம்பி எதுவும் இதில் இல்லை. அதாவது, சீனாவின் பிடியில் இருக்கும் அந்த நீண்ட பாதையைத் தவிர்த்து, ஒரே கூரைக்குள் வேலையை முடித்துவிடும் வழி இது. மென்படலத்தின் அரசியல் முக்கியத்துவமும் பொருளாதார முக்கியத்துவமும் இங்கேதான் இருக்கின்றன.

வீழ்ந்தவர்களும் நிலைத்தவர்களும்

இவ்வளவு எளிய வழி இருந்தும் சிலிக்கானே சந்தையை ஆள்வது ஏன்? மென்படலத் தொழிலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வீழ்ந்தார்கள். அவர்கள் வீழ்ந்த காரணங்களை நாம் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் வந்தது படிகமற்ற சிலிக்கான். 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோஃபர் ரான்ஸ்கியும் இதைக் கொண்டு மின்கலம் செய்து காட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருந்த சூரிய ஒளிக் கால்குலேட்டர்கள் இந்தப் படலத்தால்தான் இயங்கின. ஆனால், வெயில் பட்ட சில மாதங்களிலேயே இதன் திறன் கணிசமாகக் குறைந்துவிடும் என்பதை மறு ஆண்டே ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் கண்டறிந்தனர். பொருளின் இயல்பிலேயே இருந்த குறை அது. இருந்தும், 2000-களின் நடுவில் பாலிசிலிக்கானுக்குத் தட்டுப்பாடு வந்தபோது உலகம் மீண்டும் அதன் பக்கம் திரும்பியது. அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனம் ஆயத்த ஆலையாகவே இயந்திர வரிசையை விற்றது. கிரேட்டர் நொய்டாவில் மோசர் பேர் நிறுவனம் அதை வாங்கியது. 2010-இல் அப்ளைடு மெட்டீரியல்ஸ் அந்த வணிகத்தையே கைவிட்டது. குறுந்தகடு உற்பத்தியில் உலகப் புகழ் பெற்றிருந்த மோசர் பேர், மூலத் தொழிலும் தேய்ந்து கடனும் பெருகிய நிலையில், 2018-இல் கலைக்கப்படும் கட்டத்துக்கு வந்தது. இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம், அறிவை அப்படி வாங்க முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த பாடம் அது.

அடுத்தது தாமிரம், இன்டியம், காலியம், செலீனியம் ஆகிய நான்கும் சேர்ந்த சிஐஜிஎஸ் படலம். ஆய்வகத்தில் 23 சதவீதத்தைத் தாண்டிய அருமையான பொருள். ஆனால், நான்கு தனிமங்களையும் பெரிய கண்ணாடிப் பரப்பு முழுவதும் ஒரே விகிதத்தில் படியவைப்பது கடினம். கலிஃபோர்னியாவின் சோலிண்ட்ரா நிறுவனம் இந்தப் படலத்தைக் குழாய் வடிவில் செய்தது. அமெரிக்க அரசின் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம் பெற்றும் 2011-இல் திவாலானது. பாலிசிலிக்கான் விலை உயர்ந்தே இருக்கும் என்ற கணிப்பில் எழுந்த நிறுவனம் அது. 2008-இல் கிலோவுக்கு 400 டாலரைத் தாண்டிய அந்த விலை, சில ஆண்டுகளில் 50 டாலருக்குக் கீழே இறங்கியது. சிஐஜிஎஸ் நிறுவனங்களை வரிசையாக வாங்கிக் குவித்த சீனாவின் ஹனர்ஜியின் பங்கு விலை, 2015 மே 20 அன்று அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஆண்டுக்கு 900 மெகாவாட் அளவில் ஆலை வைத்திருந்த ஜப்பானின் சோலார் ஃப்ரான்டியர், 2022-இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

இத்தனை பேர் வீழ்ந்த களத்தில் காட்மியம் டெலூரைடு நிலைத்தது எப்படி? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ என்ற ஊர் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு பதப்படுத்திய கண்ணாடித் தயாரிப்பில் பெரும் பொருள் ஈட்டிய ஹரால்ட் மக்மாஸ்டர், 1984-இல் சூரிய மின்கல ஆய்வில் இறங்கினார். படிகமற்ற சிலிக்கானில் சில ஆண்டுகள் முயன்று பலன் காணாமல், 1990-இல் காட்மியம் டெலூரைடுக்கு மாறினார். 1999-இல் வால்மார்ட் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் வால்டனின் முதலீட்டு நிறுவனம் மக்மாஸ்டரின் நிறுவனத்தை வாங்கி ஃபர்ஸ்ட் சோலார் என்று பெயரிட்டது. வணிக உற்பத்தி 2002-இல் தொடங்கியது. அதே 2002-இல், இதே பொருளில் ஆலை வைத்திருந்த பிபி சோலார், லாபம் தெரியவில்லை என்று மென்படலத்திலிருந்தே விலகிக்கொண்டது. எண்ணெய் நிறுவனத்தின் பணபலம் பிபியிடம் இருந்தது. காத்திருக்கும் மனம் இல்லை. ஃபர்ஸ்ட் சோலார் 2008-இன் இறுதியில் ஒரு வாட் உற்பத்திச் செலவை ஒரு டாலருக்குக் கீழே கொண்டுவந்தது. சூரிய மின்துறையில் முதன்முதலாக அந்த எல்லையைத் தொட்ட நிறுவனம் அதுவே. மக்மாஸ்டர் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் 24 ஆண்டுகள்.

சந்தையில் அதன் இடம்

காட்மியம் டெலூரைடு கலத்தின் ஆய்வகச் சாதனை 23 சதவீதத்தை எட்டியுள்ளது. ஆலையிலிருந்து வரும் பலகைகள் 19 சதவீத அளவில் இருக்கின்றன. இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல சிலிக்கான் பலகை 22 சதவீதத்துக்கு மேல் தருகிறது. மூன்று சதவீத வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். வணிகத்தில் அது பெரியது. ஏனெனில், சூரிய மின்நிலையத்தின் செலவில் பலகையின் பங்கு இப்போது குறைந்துவிட்டது. நிலம், இரும்புச் சட்டம், கேபிள், பொருத்தும் கூலி ஆகியவை பரப்பளவுக்கேற்பக் கூடுபவை. அதே மின்சாரத்துக்குக் கூடுதல் பரப்பு தேவைப்பட்டால் இந்தச் செலவுகள் அனைத்தும் கூடும். மொட்டைமாடியில் இடம் குறைவாக உள்ள நகரத்து வீட்டுக்காரர் மென்படலத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அது பரந்த வெளியில் அமையும் பெரிய நிலையங்களுக்கு உரிய பொருள்.

அங்கே அதற்குச் சில இயற்கையான அனுகூலங்கள் உண்டு. பலகையின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. நம் வெயிலில் பலகை 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் காட்மியம் டெலூரைடு சுமார் 12 சதவீதம் திறனை இழக்கும். பழைய வகைச் சிலிக்கான் பலகை அதைவிடக் கூடுதலாக இழக்கும். கடலோரக் காற்றின் ஈரப்பதம் அகச்சிவப்புக் கதிரின் சில பகுதிகளை உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கான் அந்தக் கதிரையும் பயன்படுத்துவதால் அதற்கு இழப்பு. காட்மியம் டெலூரைடு அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை என்பதால் அதற்குப் பாதிப்பு குறைவு. ஆனால், டாப்கான் போன்ற புதிய சிலிக்கான் பலகைகள் வெப்பத்தைத் தாங்குவதில் இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்துவிட்டன. தட்பவெப்பத்தை மட்டும் நம்பி எந்த நிறுவனமும் சந்தையைப் பிடித்துவிட முடியாது.

மென்படலத்தைத் தாங்கி நிற்பது அரசுக் கொள்கை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-இல் சீனப் பலகைகளின் விலை ஒரு வாட்டுக்கு 10 அமெரிக்க சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. அந்த விலையில் திறந்த சந்தையில் மோதி யாராலும் லாபம் பார்க்க முடியாது. சீன நிறுவனங்களே பெரும் நஷ்டத்தில் தவித்தன. அமெரிக்கா 2022-இல் இயற்றிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் உற்பத்தி வரிச்சலுகையும், சீனப் பொருட்கள் மீதான தடைகளும் ஃபர்ஸ்ட் சோலாருக்கு அரணாக அமைந்தன. இந்தியாவிலும் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் பட்டியல் அத்தகைய அரண்தான். ஆனால், அரண்கள் அரசியலோடு மாறுபவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது, அமெரிக்கச் சந்தையை நம்பிய இந்தியப் பலகை ஏற்றுமதியாளர்கள் தடுமாறினார்கள். அரண் இருக்கும் காலத்திலேயே சொந்தப் பலத்தை வளர்த்துக்கொள்பவர்களே நிலைப்பார்கள்.

டெலூரியம் என்னும் கடிவாளம்

இந்தத் தொழிலின் வளர்ச்சிக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. இரண்டரை மைக்ரான் தடிமனில் காட்மியம் டெலூரைடு படிந்தால், ஒரு சதுர மீட்டரில் சுமார் 8 கிராம் டெலூரியம் இருக்கும். ஒரு ஜிகாவாட் பலகைக்கு ஏறத்தாழ 40 டன் என்று கணக்கு வருகிறது. உலகின் ஆண்டு டெலூரிய உற்பத்தி ஆயிரம் டன்னுக்கு உட்பட்டது. 2024-இல் உலகம் நிறுவிய சூரிய மின்திறன் சுமார் 600 ஜிகாவாட். அவை அனைத்தையும் காட்மியம் டெலூரைடில் செய்ய வேண்டுமானால் 24,000 டன் டெலூரியம் வேண்டும். எனவே, இந்தப் படலம் சிலிக்கானை முழுவதும் விரட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. அதற்கென்று உறுதியான ஓர் இடம் உண்டு. அந்த இடத்தின் அளவைத் தீர்மானிப்பது டெலூரியம்.

டெலூரியத்துக்கென்று தனிச் சுரங்கங்கள் அரிது. தாமிரத்தை மின்பகுப்பு முறையில் தூய்மைப்படுத்தும்போது தொட்டியின் அடியில் படியும் கசடில்தான் பெரும்பகுதி கிடைக்கிறது. இதன் விலை ஏறினாலும் யாரும் கூடுதலாகத் தாமிரம் உருக்கப் போவதில்லை. தாமிரச் சந்தையின் போக்கில்தான் டெலூரியம் வரும். ஆனால், இருக்கும் கசடிலிருந்தே இன்னும் எடுக்க முடியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரியோ டின்டோ நிறுவனம் தன் கென்னகாட் தாமிர ஆலையில் 2022-இல் டெலூரியப் பிரிப்பைத் தொடங்கியது. அதற்கான முதலீடு 30 லட்சம் டாலருக்கும் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 20 டன் கிடைக்கும். அரை ஜிகாவாட் பலகைக்கு அது போதும். பெரும் முதலீடு தேவைப்படாத வேலை இது. குப்பை என்று கருதப்பட்டதைக் கணக்கில் சேர்க்கும் அக்கறை இருந்தால் செய்துவிடலாம்.

இந்தியாவில் குஜராத்தின் தாகேஜில் ஹிண்டால்கோவின் பெரிய தாமிர ஆலை இயங்குகிறது. முந்த்ராவில் அதானி குழுமம் 5 லட்சம் டன் திறன் கொண்ட ஆலையை 2024-இல் தொடங்கியிருக்கிறது. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டெலூரியம், இன்டியம், காலியம், செலீனியம், காட்மியம் ஐந்தும் இடம்பெற்றுள்ளன. மென்படலத் தொழிலின் மூலப்பொருள் பட்டியலே அது. 2025-இல் முக்கியக் கனிம மறுசுழற்சிக்காக ரூ.1,500 கோடி ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. தாகேஜில் எடுக்கும் டெலூரியம் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து சேரும் வழியை யாராவது பொறுப்பேற்று அமைக்க வேண்டும்.

தாமிரம் என்றதும் தமிழ்நாட்டில் தூத்துக்குடியை நினைக்காமல் இருக்க முடியாது. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது, 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த மண் அது. மூடப்பட்ட அந்த ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பசுமை மின்சாரத்துக்கு டெலூரியம் வேண்டும் என்பதைக் காரணமாக்கி அந்த ஆலைக்கு மீண்டும் வழி தேட யாராவது முனைந்தால், அதை ஏற்கக் கூடாது. ஓர் ஊரின் மூச்சைப் பறித்து இன்னோர் ஊருக்குத் தூய மின்சாரம் தருவது எந்த அறத்திலும் அடங்காது. தேவையான டெலூரியத்தை ஏற்கெனவே இயங்கும் ஆலைகளின் கசடிலிருந்தும் பழைய பலகைகளிலிருந்தும் தேடுவதே நேர்மையான வழி.

காட்மியம் பற்றிய கேள்வி

காட்மியம் நஞ்சு. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவிலிருந்து கசிந்த காட்மியம் நெல்வயல்களில் சேர்ந்து, எலும்பை நொறுக்கும் இத்தாய் இத்தாய் நோயை உண்டாக்கிய வரலாறு உலகறிந்தது. பலகையில் இருப்பது தனிக் காட்மியம் அன்று. காட்மியம் டெலூரைடு நீரில் கரையாத, ஆயிரம் டிகிரிக்கு மேல்தான் உருகும் உறுதியான சேர்மம். இரு கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்டும் இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும்வரை அதனால் ஆபத்து மிகக் குறைவு என்பது நியாயமான முடிவு.

ஆனால், கேள்வி ஆயுள் முடிந்த பிறகு எழுகிறது. பிள்ளைப்பாக்கம் ஆலை முழுத் திறனில் ஓடினால், தோராயக் கணக்கில் ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் காட்மியம் பலகைகளில் அடங்கி வெளியே போகும். அவை 25, 30 ஆண்டுகள் கழித்து எங்கே போகும்? ஃபர்ஸ்ட் சோலார் 2005 முதலே மறுசுழற்சித் திட்டம் வைத்திருக்கிறது. குறைக்கடத்திப் பொருளில் 90 சதவீதம் வரை மீட்க முடியும் என்கிறது. இது பாராட்டத்தக்கது. இந்தியாவின் 2022 மின்னணுக் கழிவு விதிகள் சூரிய மின்பலகைகளை உள்ளடக்கியிருந்தாலும், 2034-35 வரை சேரும் பலகைக் கழிவைச் சேமித்து வைக்கச் சொல்வதோடு பெருமளவு நின்றுவிடுகின்றன. இன்று விற்கும் பலகை ஓய்வுபெறும் காலத்தில் விற்ற நிறுவனம் இருக்குமா என்பதே தெரியாது. எனவே, விற்பனையின்போதே மறுசுழற்சிக்கான தொகையைத் தனி வைப்பு நிதியில் செலுத்தச் சட்டம் வேண்டும். எந்தத் தொழில்நுட்பமாக இருந்தாலும் இது பொருந்த வேண்டும். ஈயம் கலந்த சிலிக்கான் பலகைகளும் இதற்கு விலக்காகக் கூடாது. மீட்கப்படும் டெலூரியம் நாளைய மூலப்பொருள் என்பதால், இது செலவு என்பதைவிட முதலீடு என்றே கொள்ளத்தக்கது.

அடுத்த படலம்

மென்படலத்தின் மிகப் பெரிய வாய்ப்பு இனிமேல்தான் வரப்போகிறது. 2009-இல் ஜப்பானின் சுடோமு மியாசகாவின் குழு பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பொருளைக் கொண்டு மின்கலம் செய்தபோது, அதன் திறன் 3.8 சதவீதம். இன்று அது 26 சதவீதத்தைக் கடந்துவிட்டது. சிலிக்கான் ஆறு சதவீதத்திலிருந்து அந்த உயரத்தை எட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாக்கி, 150 டிகிரிக்குள்ளான வெப்பத்தில் படலமாகப் பூசலாம்.

இதன் உண்மையான வலிமை சிலிக்கானோடு சேரும்போது தெரிகிறது. சிலிக்கான் கலத்தால் மட்டும் கோட்பாட்டளவில்கூட 29.4 சதவீதத்தைத் தாண்ட முடியாது; இப்போதே அது 27 சதவீதத்தைக் கடந்துவிட்டது. இனி ஏற அதிக இடமில்லை. சிலிக்கான் மீது பெரோவ்ஸ்கைட் படலம் ஒன்றைப் பூசினால், நீல ஒளியை மேல் படலமும் சிவப்பு ஒளியைக் கீழ்க் கலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. சீனாவின் லாங்கி நிறுவனம் இத்தகைய அடுக்குக் கலத்தில் 34 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் 2024 செப்டம்பரில் 24.5 சதவீதத் திறனுள்ள அடுக்குப் பலகைகளை வணிக முறையில் அனுப்பத் தொடங்கியது. சீன நிறுவனங்கள் 2025-இலேயே ஜிகாவாட் அளவு பெரோவ்ஸ்கைட் ஆலைகளைத் திறந்துவிட்டன. உலக அயோடினில் கால் பங்குக்கு மேல் உற்பத்தி செய்யும் ஜப்பான், அயோடினைக் கொண்டு செய்யும் இந்தப் படலத்தைத் தன் மூலப்பொருள் பலத்தோடு இணைத்து, 2040-க்குள் 20 ஜிகாவாட் என்று இலக்கு வைத்திருக்கிறது.

இடையூறுகள் பெரியவை. பெரோவ்ஸ்கைட் ஈரத்தில் சிதையும், வெப்பத்தில் சிதையும், நீண்ட ஒளியிலும் சிதையும். அதில் நீரில் கரையும் ஈயச் சேர்மம் உள்ளது. 25 ஆண்டு உத்தரவாதம் தரும் அளவுக்கு அனுபவம் யாருக்கும் இல்லை. படிகமற்ற சிலிக்கான் வெயிலில் திறன் இழந்து வீழ்ந்த கதை இங்கும் நடக்கலாம். ஆனால், இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் இடம் வெயிலும் ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்த இடமாகத்தான் இருக்க முடியும். ஜெர்மனியின் குளிரில் நிலைக்கும் படலம் ராமநாதபுரத்தில் நிலைக்குமா என்பதை ராமநாதபுரத்தில்தான் சோதிக்க முடியும். இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு, இதில் இருக்கும் அனுகூலத்தை வேறு எவரும் எளிதில் பெற முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஆலையோடு ஆய்வையும் கேட்டுப் பெற வேண்டும். பிள்ளைப்பாக்கம் ஆலை திறந்த அதே 2024-இல், ஃபர்ஸ்ட் சோலார் தன் புதிய ஆய்வு மையத்தை ஒஹையோவில் திறந்தது. உற்பத்தி இங்கே, அறிவு அங்கே. நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சலுகை தரும்போது நாம் கேட்கவில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் காட்மியம் டெலூரைடு படலங்களை மின்வேதியியல் முறையில் படியவைக்கும் ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துள்ளன. சென்னையில் ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை இயங்குகிறது. ஒரு கண்ணாடி நகரத்திலிருந்து மென்படலத் தொழில் பிறந்தது தற்செயலன்று. அந்தக் கூறுகள் நம்மிடமும் அருகருகே இருக்கின்றன. இணைக்கும் அமைப்பு மட்டும் இல்லை. சிக்ரியும் பல்கலைக்கழகங்களும் ஆலைகளும் சேர்ந்த ஒரு மென்படல ஆய்வு மையத்தைப் பத்தாண்டு நிதி உறுதியோடு மாநில அரசு தொடங்க வேண்டும். ஓராண்டு, ஈராண்டுத் திட்டமாக இது அமைந்தால் பலன் தராது.

இரண்டாவது, ராமநாதபுரம் கடற்கரையிலும் உள்மாவட்டம் ஒன்றிலும் திறந்தவெளிச் சோதனைக் களங்கள் அமைய வேண்டும். சிலிக்கான், காட்மியம் டெலூரைடு, பெரோவ்ஸ்கைட் அடுக்குப் பலகைகளை அருகருகே நிறுத்திப் பல ஆண்டுகள் அளந்து, தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். வங்கிகள் கடன் கொடுப்பது இத்தகைய தரவை நம்பித்தான். விற்பனையாளரின் விளம்பரத் தாளை நம்பி வாங்கும் நிலை நீங்கவும் இதுவே வழி. ஃபர்ஸ்ட் சோலாரே தன் புதிய வரிசைப் பலகைகளில் தொடக்கக் கட்டத்தில் உற்பத்திக் குறைபாடு இருந்ததைத் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. உலகின் முதன்மை நிறுவனத்துக்கே அப்படியென்றால், சுதந்திரமான சோதனையின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தாமிர ஆலைகள் தங்கள் கசடில் உள்ள டெலூரியத்தையும் செலீனியத்தையும் மீட்பதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். அதற்கு மறுசுழற்சி ஊக்கத்தொகையைப் பயன்படுத்தலாம். மீட்ட உலோகம் முதலில் உள்நாட்டு ஆலைகளுக்கே கிடைக்க வேண்டும்.

நான்காவது, உள்நாட்டில் உருவாகும் அடுக்குப் பலகைகளுக்குச் சிறிய அளவிலாவது உறுதியான சந்தை வேண்டும். ஐஐடி பம்பாய் உட்பட இந்திய ஆய்வகங்கள் பெரோவ்ஸ்கைட்-சிலிக்கான் அடுக்குக் கலங்களில் முன்னேறி வருகின்றன. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையில் வாங்குவார் இல்லாத காலம் ஒன்று உண்டு; பெரும்பாலான கண்டுபிடிப்புகள் அங்கேதான் மடிகின்றன. தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் தன் ஒப்பந்தப்புள்ளிகளில் சில மெகாவாட்டுகளை இத்தகைய பலகைகளுக்கென ஒதுக்கினால், அந்தக் காலத்தைக் கடக்கக் கை கொடுத்ததாகும். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 ஜிகாவாட் சிலிக்கான் கல ஆலை இருக்கிறது. அடுக்குக் கலத்தின் கீழ்ப்பாதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே உற்பத்தியாகிறது என்பதே இதன் பொருள்.

2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின்திறன் 100 ஜிகாவாட்டைக் கடந்தது. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி பிறர் கண்டுபிடித்த பொருளை, பிறர் செய்த இயந்திரத்தில், பிறர் தந்த வில்லைகளைக் கொண்டு செய்தது. சிலிக்கானில் நாம் இருபதாண்டு தாமதமாக வந்தோம். அந்த இடைவெளியை நிரப்ப இன்னும் பெரும் பணம் செலவாகிக்கொண்டிருக்கிறது. மென்படலத்திலும் அதன் அடுத்த தலைமுறையிலும் இடைவெளி இன்னும் அவ்வளவு அகலமாகவில்லை. மக்மாஸ்டருக்குத் தேவைப்பட்ட 24 ஆண்டுகள் நமக்குத் தேவைப்படாமல் போகலாம். ஐந்தாண்டில் முடிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. ஆட்சிகள் மாறினாலும் மாறாத பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்து, அதற்கான முதல் ஒதுக்கீட்டை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும். அடுத்த ஆலைக்கு நிலம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அங்கே என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற கேள்விக்கான விடையும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.